கண்ணோட்டம்: ஒரு சொல்லின் சரித்திரம்

1

சென்ற வருஷம் ஒரு ஜப்பானியச் சிறுகதையைத் தமிழில் கொண்டுவர முயன்று ஒரு வாக்கியத்தில் நின்றுபோனேன். ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். வாசலில் நிற்பவன் அவளைப் பார்க்கிறான். அவள் கதவைச் சாத்திவிடுகிறாள். அவன் பேசவில்லை, கை நீட்டவில்லை. கதவு சாத்தப்பட்டதற்கு மூலத்தில் உள்ள காரணம் ஒரே ஒரு சொல்: மெத்ஸுகி. 'மெ' என்றால் கண். கண் அமைந்து நிற்கும் விதம் என்பது போல அர்த்தம் வரும். அவனுடைய மெத்ஸுகி நன்றாயில்லை, வாக்கியம் அவ்வளவுதான்.

'அவன் பார்வை சரியில்லை' என்று எழுதினேன். மறுநாள் படித்தபோது சிரிப்பு வந்தது. இந்த வாக்கியத்தைக் கண் டாக்டரிடம் காட்டினால் கண்ணாடி எழுதிக் கொடுப்பார். விமர்சகரிடம் காட்டினால் அவன் எந்த அரசியலைச் சேர்ந்தவன் என்று கேட்பார். கதவைச் சாத்திய பெண்ணுக்கு இந்த வாக்கியத்தில் இடமில்லை. 'நோக்கு' என்று போட்டால் கொள்கையாகிவிடுகிறது. 'நோக்கம்' என்றால் திட்டமாகிவிடுகிறது. 'கண்ணோட்டம்' பற்றிச் சொல்லவே வேண்டாம். அது நம்முடைய சொல், இந்த மாதிரிப் பத்திரிகைகளின் சொல். அதில் கண் இருப்பதையே நாம் மறந்து வெகு காலமாகிறது.

ஜப்பானிய மொழி படித்த நண்பர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். அவர் வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் ஒரு பட்டியல் அனுப்பினார். முகத்தைத் தாழ்த்திக்கொண்டு கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்ப்பதற்கு உவாமெஸுகாய். முகம் திரும்பாமல் கண் மட்டும் பக்கவாட்டில் வழுகிப் போவதற்கு நகாஷிமே, அதாவது ஒழுகவிட்ட கண். தாழ்ந்த கண் ஃபுஷிமே. ஆள் இங்கே இருக்க, கண் எங்கோ போய்விட்ட நிலைக்குத் தோய் மே, தூரக் கண். கருவிழியின் மூன்று பக்கம் வெள்ளை தெரியும் கண்ணுக்கு ஸான்பாகுகான். இது முகலட்சணம் பார்ப்பவர்களின் சொல். வேண்டாதவரைப் பார்க்கும் பார்வை ஷிரோய் மே, வெள்ளைக் கண். இதன் பின்னால் 3ஆம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் ருவான் ஜியின் கதை இருக்கிறது. பிடித்தவர்கள் வந்தால் கருவிழியையும், பிடிக்காத சம்பிரதாயப் பெரியவர்கள் வந்தால் விழியின் வெள்ளையையும் காட்டுவாராம். செத்த மீனின் கண் என்றும் ஒரு வழக்கு உண்டு. எதிலும் பிடிப்பற்றுப் போனவனின் கண்ணைச் சொல்வது. இவை போக மனஸாஷி என்று ஒன்று. மெத்ஸுகி பெரும்பாலும் கெட்ட அடைமொழியோடு வரும், மனஸாஷி கனிவான அடைமொழியோடு வரும் என்று நண்பர் குறித்திருந்தார். அபிப்பிராயம் என்ற அர்த்தத்தில் வரும் பார்வைக்கு மிகதா என்று தனிச் சொல். அவர்களுடைய கண் டாக்டருக்கும் விமர்சகருக்கும் குழப்பமில்லை.

பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: தன் மெத்ஸுகி எவனுக்கும் தெரியாது, பார்க்கப்படுகிறவருக்குத்தான் தெரியும்.

இந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஓர் இனத்தின் மனத்தை எடுத்துக்காட்டுவது மலிவான வேலை. ஜப்பானியர் கண்ணால் பேசுகிறவர்கள், நாம் வாயால் பேசுகிறவர்கள் என்றெல்லாம் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அதே போல மொழியுறவு தேடும் ஆசையும் எனக்கில்லை. 1980ஐ ஒட்டி ஸுஸுமு ஓனோ ஜப்பானியத்தையும் தமிழையும் இணைத்துப் பேசியபோது இங்கே எழுந்த குதூகலம் பெரிது. ஒப்பீட்டு மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவில்லாமலே ஒன்றைக் கவனிக்கலாம். கூச்சமில்லாமல் உற்றுப் பார்ப்பதற்கு அவர்கள் ஜிரோஜிரோ என்கிறார்கள். நாலு பக்கமும் கண் அலைந்தால் கியோரோகியோரோ. விட்டுவிட்டுத் திருட்டுத்தனமாகப் பார்த்தால் சிராசிரா. இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தவை திருதிரு, மலங்க மலங்க, பேந்தப் பேந்த, குறுகுறு. அகப்பட்டுக்கொண்டவன் திருதிருவென்று விழிக்கிறான். தெரியாத ஊரில் விடப்பட்டவன் மலங்க மலங்க விழிக்கிறான். கேள்விக்குப் பதில் தெரியாதவன் பேந்தப் பேந்த விழிக்கிறான். மூன்றையும் எந்தக் கிழவியும் மாற்றிச் சொல்லமாட்டாள். ஆகவே சொல் இல்லை என்பதல்ல விஷயம். இந்தச் சொற்கள் எழுத்துக்குள், அதிலும் நம் எழுத்துக்குள், ஏன் வரவில்லை என்பதுதான்.

2

நான் இருப்பது தருமபுரத்தில். மயிலாடுதுறையில் ஆதீனம் உள்ள தருமபுரம் அல்ல. காரைக்காலை ஒட்டிய தருமபுரம். இந்த ஊருக்குத் தமிழ்ச் சரித்திரத்தில் உள்ள இடம் ஒரு தோல்வியால் வந்தது. சம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டு வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் இது. இவருடைய யாழால்தான் பதிகங்களின் புகழ் பரவுகிறது என்று இங்குள்ள உறவினர்கள் பேசினார்கள். பாணர் கூசிப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடவேண்டும் என்று சம்பந்தரிடம் விண்ணப்பித்தார். சம்பந்தர் பாடினார். அது யாழில் அடங்கவில்லை. பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து வாங்கி, இது கருவியின் குற்றமல்ல, இதில் அடங்கிய அளவுக்கு வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார். பதிகத்தின் பண்ணுக்கு யாழ்மூரி என்று பேர். கோயிலில் இருப்பவர் யாழ்மூரிநாதர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியபடி இது கதை.

மொழிபெயர்ப்பில் முட்டிக்கொண்டிருந்த நாட்களில் இந்தக் கதை எனக்கு வேறு விதமாகப் பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வள்ளுவர் கண்ணோட்டத்தைப் பற்றிப் பேசும்போது இசையைத்தான் உவமையாக எடுக்கிறார். பாட்டோடு பொருந்தாத பண்ணால் என்ன பயன், கண்ணோட்டம் இல்லாத கண்ணால் என்ன பயன் என்பது 573ஆம் குறளின் கேள்வி. பண் தனியாக இருக்க முடியாது, ஒரு பாட்டோடு போய்ச் சேரவேண்டும். கண்ணும் அப்படியே, ஒரு ஆளிடம் போய்ச் சேரவேண்டும். சேராத கண் என்னவாகும்? அடுத்தடுத்த குறள்களில் பதில் வருகிறது. அது முகத்தில் உள்ள புண். அதை உடையவன் மண்ணில் நட்ட மரம்.

கண்ணோட்டம் என்ற சொல்லின் பழைய அர்த்தம் இரக்கம், தாட்சண்யம் என்று அகராதி பார்த்துச் சொல்லிவிடலாம். பரிமேலழகர் அதைவிடத் துல்லியமாகச் சொல்கிறார். நம்மோடு பழகினவரைக் கண்டால் அவர் சொன்னதை மறுக்க முடியாமல் போவதுதான் கண்ணோட்டம். அவர்மேல் கண் சென்றபோது நேர்வதால் அந்தப் பேர் வந்தது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். இதைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். அவர் சொல்வது ஒரு குணத்தையல்ல, ஒரு சம்பவத்தை. வீட்டுக்குள் உட்கார்ந்து 'மறுத்துவிடுவது' என்று முடிவுசெய்திருக்கிறேன். ஆள் நேரே வந்து நிற்கிறான். கண் ஓடுகிறது. முடிவு கலைகிறது. கண்ணோட்டம் என்பது என்னுடைய அபிப்பிராயம் எதிரே நிற்பவனால் தோற்கும் இடம். இன்று அந்தச் சொல் என் அபிப்பிராயத்துக்கே பேராகிவிட்டது. ஒரு சொல் இவ்வளவு சுத்தமாகத் தலைகீழாவது அபூர்வம்.

3

குறளில் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரங்கள் ஒரே பேரில் உள்ளன. 71 பொருட்பாலில், 110 காமத்துப்பாலில். முதலாவது அரசனின் மனத்தை முகத்தில் படிக்கும் அமைச்சனுக்கு. இரண்டாவது பெண்ணின் மனத்தைக் கண்ணில் படிக்கும் காதலனுக்கு. இரண்டும் முடிவது கண்ணில்தான். நுட்பமானவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு அளவுகோல் கண்ணைத் தவிர வேறில்லை என்று முன்னது முடிகிறது. கண்ணும் கண்ணும் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லுக்கு வேலையில்லை என்று பின்னது முடிகிறது. அரண்மனைக்கும் தோப்புக்கும் ஒரே வித்தை. அந்த வித்தை பார்க்கிறவனுக்கானதல்ல, பார்க்கப்படுகிறவனுக்கானது. அரசனுக்குத் தன் கண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை. அமைச்சனுக்குத் தெரியாவிட்டால் அவன் கதி அதோகதி. நண்பர் எழுதிய வரியை இங்கே கொண்டுவந்து வைத்தால் பொருந்துகிறது. குறிப்பு என்பது நம் மெத்ஸுகி. அந்தக் குறிப்பும் இன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதாகிவிட்டது.

காமத்துப்பால் அதிகாரத்தில் பார்வைக்கு வகைகள் வருகின்றன. களவாகப் பார்க்கும் சிறுநோக்கம். நேரே பாராமல் ஒரு கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் சிறக்கணிப்பு. பகைத்தவள் போன்ற பார்வை. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது பொதுநோக்கு. காதலர் இருவரும் முன்பின் அறியாதவர் போலப் பார்த்துக்கொள்வது. இதே சொல் 528ஆம் குறளில் அரசனுக்கு வருகிறது: எல்லாரையும் பொதுநோக்காகப் பாராமல் அவரவர் தகுதிக்கேற்பப் பார்த்தால், அதை நம்பிச் சுற்றத்தார் பலர் வாழ்வார்கள் என்று. ஒரே சொல் ஓரிடத்தில் நெருக்கத்தை மறைக்கும் திரை, இன்னோரிடத்தில் அரசனிடம் உள்ள குறை. இன்று நாம் அதைச் சமத்துவம் என்போம். மூன்று அர்த்தங்களிலும் எதிரே ஆள் இருக்கிறான். தனியாக இருப்பவனுக்குப் பொதுநோக்கு இருக்க முடியாது.

விருந்தோம்பலில் வரும் அனிச்சத்தை எல்லோரும் அறிவார்கள். அனிச்சப் பூ வாட முகரவேண்டும். விருந்தாளி வாட முகம் மாறிப் பார்த்தாலே போதும். பார்த்தவனுக்கு அது தெரியாமலே போகலாம். வாடியவனுக்குத் தெரியும்.

தொல்காப்பியத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. களவியலில் இருவரின் சம்மதமும் முதலில் கண்களுக்குள்தான் நடக்கிறது. அது தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது செய்யுளியலில் உள்ளது. செய்யுளின் 34 உறுப்புகளில் ஒன்றுக்கு நோக்கு என்று பேர். மாத்திரை முதல் அடி வரை எல்லாம் சேர்ந்து படிப்பவனைத் திரும்பிப் பார்க்கவைப்பது எதுவோ அது. பேராசிரியர் அதற்கு அகநானூற்றின் 4ஆம் பாட்டைச் சொல் சொல்லாக எடுத்து உதாரணம் காட்டுகிறார். கவிதைக்கு 'நோக்கு இருக்கிறது' என்று நாமும் சொல்கிறோம். கவிஞனின் கொள்கை என்ற அர்த்தத்தில். இலக்கணக்காரர்கள் சொன்னது, கவிதை நம்மைப் பார்க்கவைக்கிறதா என்று. கவிஞனின் பக்கம் இருந்த பாரத்தை நம் பக்கம் வைத்தார்கள். சூத்திரங்கள் கோத்திருக்கும் முறைக்குக்கூட அரிமா நோக்கு என்று உடம்புள்ள ஒரு பேரைத்தான் கொடுத்தார்கள்: நடக்கும் சிங்கம் முன்னும் பின்னும் திரும்பிப் பார்ப்பது.

எதிர்நோக்கு இல்லாத பார்வையின் அழகையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கவபாத்தாவின் 'பனிநாடு' (1935இல் தொடங்கிப் பல வருஷம் திருத்தப்பட்டு 1948இல் முடிந்தது) ரயிலில் ஆரம்பிக்கிறது. வெளியே இருட்டியதும் ஜன்னல் கண்ணாடியாகிவிடுகிறது. ஷிமாமுரா எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் முகத்தை அதில் பார்க்கிறான். மலையில் தூரத்து விளக்கு ஒன்று அவள் கண்ணின் மேல் வந்து பொருந்துகிறது. அவளுக்கு எதுவும் தெரியாது. இவ்வளவு அழகான பார்வை நம்மிடம் எங்கே என்று எனக்கு இருபது வயதில் ஏக்கமிருந்தது. இப்போது படித்தால் வேறொன்றும் தெரிகிறது. அந்தப் பார்வை யாரிடமும் போய்ச் சேரவில்லை. நாவல் முழுவதும் அவனுடைய வியாதி அதுதான். கவபாத்தாவுக்கு அது தெரியும். மிதிலையில் கம்பர் நோக்கினான் என்றதும் நோக்கினாள் என்று அதே வினையை எதிர்ப்பக்கத்துக்கும் கொடுத்தது வேறு உலகம்.

4

பார்வைகளை எண்ணிப் பட்டியலிட்டவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் திருஷ்டிகள் 36: ரசத்துக்கு 8, ஸ்தாயி பாவத்துக்கு 8, சஞ்சாரி பாவத்துக்கு 20. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் எட்டோடு நிறுத்திக்கொள்கிறது. தஞ்சைப் பகுதியில் ஆட்டம் கற்ற ஒவ்வொருவரும் கண்ணை உருட்டிப் பழகியது இவற்றில் ஏதோ ஒரு கணக்கின்படிதான். கருவிழி எங்கே நிற்கிறது, இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் பட்டியல். ஜப்பானியச் சொற்களின் துல்லியத்துக்கு நம் பக்கத்தில் இதைத்தான் காட்டலாம்.

ஆனால் தமிழில் உள்ள பட்டியல் வேறு மாதிரி. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் 24 அவிநயங்களைத் தருகிறார். அதில் பார்வைக்குப் பேர் இல்லை. ஆளுக்குத்தான் பேர். வெகுண்டோன், ஐயமில்லை, இருக்கவேண்டியவன். நாணமுற்றோன், சரி. அப்புறம் துயிலுணர்ந்தோன், மழை பெய்யப்பட்டோன், பனித்தலைப்பட்டோன், வெயில்தலைப்பட்டோன், கண்ணோவுற்றோன், தலைநோவுற்றோன், நஞ்சுண்டோன். மழையில் நனைந்தவன் எப்படிப் பார்ப்பான், கண்வலிக்காரன் எப்படிப் பார்ப்பான் என்று ஆளிடமிருந்து கண்ணுக்கு வருகிற வழி. ஒரு நாவலாசிரியன் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டிய பட்டியல் இது. நமக்கு நாவல் வந்தபோது இதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பார்வையைச் செயலாக நம்பியதும் இந்தச் சரித்திரத்தில் சேரும். சைவத்தில் தீட்சை ஏழு வகை. ஒன்று நயன தீட்சை, குரு பார்த்தாலே போதும். மீன் பார்வையாலே முட்டையைப் பொரிக்கும் என்று அதற்கு உவமை சொல்வார்கள். இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் நேத்திர மங்கல்யத்தை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். எழுதுகிறவன் சிலையின் முகத்தை நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்து எழுதுவான். முதல் பார்வை ஆள் மேல் விழக்கூடாது. ஜப்பானில் தருமா பொம்மைக்கு வேண்டுதலின்போது ஒரு கண்ணும் பலித்தபின் மறு கண்ணும் எழுதுகிறார்கள். கண்ணேறு கழிப்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கையா என்பது என் விஷயமல்ல. பார்வை பார்த்தவனோடு முடிவதில்லை, பட்டவனிடம் ஏதோ செய்கிறது என்ற அனுபவம் இதற்குள் இருக்கிறது. 'கண் பட்டது' என்ற வினையே அதைத்தான் சொல்கிறது.

5

இதுவரை சொன்னதில் ஒரு பெருமிதம் தொனிக்கிறது. அதைக் கலைக்க நான் தூரம் போக வேண்டியதில்லை. காரைக்காலே போதும்.

காரைக்கால் அம்மையார் கதையைப் பார்வையின் கதையாகப் படிக்கலாம். மாம்பழ அதிசயத்தைக் கண்ட பரமதத்தன் அன்றிலிருந்து அவளை மனைவியாகப் பார்க்கவில்லை. கப்பலேறிப் போய் வேறு ஊரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். சுற்றத்தார் இவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியபோது குழந்தையோடு வந்து காலில் விழுந்தான். ஒரு பெண்ணுக்கு இதைவிடத் தப்ப முடியாத பார்வை உண்டா? அழகி என்ற பார்வையிலிருந்து ஓடலாம். தெய்வம் என்ற பார்வையிலிருந்து எங்கே ஓடுவது? அவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினாள். கண்டவர்கள் பயந்து ஓடினார்கள். ஈசன் என்னை அறிந்தால் போதும், எட்டுத் திசை மாக்களுக்கு நான் எந்த உருவாய் இருந்தால் என்ன என்று அவள் சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார். தன் பதிகத்தில் அவள் பேயை வருணிக்கும்போது குழிந்த கண்ணைச் சேர்க்க மறக்கவில்லை. எந்தப் பார்வைக்கும் ஆகாத கண். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பழம் வீசும் கூட்டத்தில் நின்றால், நாம் அவளை மறுபடியும் அழகாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும்.

மற்றொன்று நந்தன். அவனுக்குப் பார்வை வேண்டாம் என்பதல்ல, பார்க்க வேண்டும் என்பது. திருப்புன்கூரில் நந்தி மறைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே நிற்பவன் உள்ளே வர முடியாது. கண்ணாவது போகட்டும் என்கிறான். நந்தி விலகுகிறது. கோயில் விலகவில்லை. மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி இதை நந்தன் சரித்திரக் கீர்த்தனையாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியரைக் கொண்டுவந்து, பார்க்கப் போவதற்கு அவரிடம் அனுமதி கேட்டு நிற்பவனாக நந்தனை மாற்றினார். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்காலில், சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் 1860களின் தொடக்கத்தில் அது அச்சாயிற்று. இலக்கணப் பிழைகளைக் காரணமாக வைத்து மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாயிரம் தரத் தயங்கியதையும், திண்ணையில் உட்கார்ந்து பாரதி தரிசனம் கேட்கும் பாட்டொன்றைப் பாட, உள்ளிருந்து அவர் உருகி வந்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். மறுத்துவிடுவது என்ற தீர்மானம், வாசலில் ஆள், தீர்மானம் கலைதல். பரிமேலழகர் சொன்ன கண்ணோட்டம் காதின் வழியாக நடந்தது. நந்தனுக்கு மட்டும் அது நடக்கவில்லை. அவன் நெருப்பில் குளிக்கவேண்டியிருந்தது.

தரிசனம் என்ற சொல்லையும் நாம் எடுத்துக்கொண்டோம். 'நாவலாசிரியரின் தரிசனம்' என்று எழுதுகிறோம். நந்தனுக்கு அது நந்தியின் முதுகுக்கு மேலே தெரிந்தது எவ்வளவோ அவ்வளவு.

பார்க்கக்கூடாதது ஒரு பக்கம் என்றால் பார்க்கப்படக்கூடாதது மறுபக்கம். திருநெல்வேலிப் பகுதியில் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, அவர்கள் கண்ணில் படுவதே தீட்டு என்று வைத்திருந்ததை 1932இல் 'தி ஹிந்து' எழுதியது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் துணிகளை இரவில் வெளுத்துவிட்டு விடிவதற்குள் ஒடுங்கியவர்கள் அவர்கள். கண்ணோட்டத்துக்கு ஓர் அதிகாரம் எழுதிய மொழி இதையும் நடத்தியது. தன்னோடு பழகினவரைக் கண்டால் என்றுதான் பரிமேலழகரும் சொன்னார். யாரோடு பழகலாம் என்பதை வேறு யாரோ முன்கூட்டித் தீர்த்துவைத்திருந்தார்கள். கண் ஓடுவதற்கு வரப்பு கட்டியிருந்தது. பழைய சொல்லை அப்படியே மீட்டுவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நான் சேரமாட்டேன்.

6

கண்ணோட்டம் எப்போது அபிப்பிராயமாயிற்று என்று நாள் குறிக்க முடியாது. 20ஆம் நூற்றாண்டில் கட்டுரை எழுத வந்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் வாதிக்க, நிற்கும் இடத்தைக் குறிக்கும் சொல் வேண்டியிருந்தது. எந்த மொழியிலும் பார்ப்பது அபிப்பிராயமாகும். ஜப்பானிய மிகதாவும் பார்க்கும் விதம்தான். ஆனால் அவர்கள் புதிய வேலைக்குத் தனிச் சொல்லை வைத்துக்கொண்டு மெத்ஸுகியைக் கதவருகே விட்டுவைத்தார்கள். நாம் பார்வை, நோக்கு, நோக்கம், கண்ணோட்டம், தரிசனம் என்று வரிசையாக எல்லாவற்றையும் கூட்ட மேடைக்கு அழைத்துக்கொண்டோம். வாசலில் யாரும் மிஞ்சவில்லை. விளைவு, நம் கதைகளில் எல்லோரும் 'பார்த்தான்', 'பார்த்தாள்'. போதவில்லையென்றால் 'அர்த்தத்துடன் பார்த்தான்'. என்ன அர்த்தம் என்று கேட்டால் ஆசிரியருக்கும் தெரியாது. எனக்கும் தெரிந்ததில்லை. என் பழைய கதைகளை எடுத்து எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே சொல்லத் துணிவில்லை.

இதை வெறும் சொல்வறுமை என்று தள்ளிவிட முடியவில்லை. மார்க்சியக் கண்ணோட்டம், அமைப்பியல் கண்ணோட்டம், பெண்ணியக் கண்ணோட்டம் என்று சண்டையிட்டோம். சண்டைகள் தேவையானவைதான். ஆனால் ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்தைச் சொன்னோமே தவிர, எதிரே நின்றவனிடம் நம் கண் எப்படிப் போய் விழுந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சிற்றிதழ்களில் உடைந்த நட்புகளில் பாதி கருத்தால் உடையவில்லை, மெத்ஸுகியால் உடைந்தது. தன்னுடையது தனக்குத் தெரியாது.

கடைசியில் வாக்கியம் எனக்குக் கிடைத்தது காரைக்கால் மீன் கடையில். மீனைக் கண்ணைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். முழித்துக்கொண்டு பளபளவென்று இருந்தால் இன்று பிடித்தது. உள்வாங்கி வெளுத்திருந்தால் பழசு. செத்த மீனின் கண் என்ற ஜப்பானிய வழக்கு இங்கே செல்லாது. செத்த மீனிலும் இரண்டு வகை உண்டு. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு ஆள் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நின்றுகொண்டிருந்தான். கடைக்கார அம்மா கத்தியைக் கீழே வைக்காமல் என்னிடம் சொன்னாள்: "நீங்க மீனப் பாருங்க தம்பி. இவரு மீனப் பாக்கல, ஆளைல்ல ஏற எறங்கப் பாக்குறாரு." அவன் போய்விட்டான்.

ஏற இறங்க. நாலு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சொல். பார்க்கப்பட்டவள் வாயிலிருந்து வந்தபோதுதான் அது சொல்லாயிற்று. வீட்டுக்கு வந்து எழுதினேன்: அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான், அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நண்பருக்கு அனுப்பினேன். மெத்ஸுகி அசையாமல் நிற்பது, நீங்கள் அதை அசைத்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறார். சரிதான். முழுவதும் அடங்கவில்லை. யாழில் அடங்கின வரைக்கும் வாசி என்றுதான் இந்த ஊரில் வழக்கம்.